பழைய படகுக்குப் புதிய எஞ்சின்

மாணவ நண்பர்களே, உங்கள் சைக்கிளின் சங்கிலி தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடைக்குப் போய்ப் புதுச் சங்கிலி வாங்கி மாட்டுகிறீர்கள். ஆனால், ஏறி மிதித்தால் சங்கிலி பல்சக்கரத்தின் மேல் நழுவி நழுவி ஓடுகிறது. புதுச் சங்கிலியில் குறை ஏதுமில்லை. பழைய சங்கிலியோடு சேர்ந்து பல்சக்கரத்தின் பற்களும் தேய்ந்து போயிருக்கின்றன. அதைக் கவனிக்காமல் விட்டதுதான் தவறு.

ஓர் எந்திரத்தில் எந்த உறுப்பும் தனித்து வேலை செய்வதில்லை. ஒன்றை மாற்றினால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மற்றவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த உண்மையைப் பெரிய அளவில் காட்டும் ஒரு வேலையை இம்மாதம் பார்ப்போம். பழைய விசைப்படகு ஒன்றில் தேய்ந்துபோன எஞ்சின்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்துவதே அந்த வேலை. இதற்கு வேண்டிய அறிவியலில் பெரும்பகுதி உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது!

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே கடல்போலப் பரந்து கிடக்கும் ஐந்து பெரிய ஏரிகளை நிலப்படத்தில் பார்த்திருப்பீர்கள். அவற்றை ஒட்டிய மிச்சிகன் மாநிலத்தில் கார்த் தொழில் வளர்ந்தது. அதன் பக்கத்திலேயே படகுத் தொழிலும் வளர்ந்தது. அங்குள்ள அல்கோனாக் என்னும் ஊரில் தோன்றிய கிறிஸ்-கிராஃப்ட் நிறுவனத்தின் மரப்படகுகள் உலகப் புகழ் பெற்றவை. 1960-களில் அப்படகுகள் பலவற்றில் ஷெவர்லே காரின் 283 கன அங்குல எஞ்சினே, நீருக்கு ஏற்ற மாறுதல்களுடன் பொருத்தப்பட்டது. எட்டு சிலிண்டர்கள், திறன் 185 குதிரைத்திறன்.

அத்தகைய படகு ஒன்றை நாம் கற்பனை செய்துகொள்வோம். நீளம் 10 மீட்டர். நீர்மட்டத்தில் அளந்தால் 9 மீட்டர். எடை 7 டன். படகின் வயிற்றுக்குள்ளே இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நீண்ட தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. தண்டின் முனையில் உந்து விசிறி. எஞ்சின்கள் களைத்துவிட்டன. புகை கக்குகின்றன, எண்ணெய் குடிக்கின்றன, பழைய வேகம் இல்லை. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஏரியில் செல்லும் படகுக்காரர் என்ன செய்ய வேண்டும்?

காரில் உழைப்பதும் படகில் உழைப்பதும்

அதே எஞ்சின் காரில் நெடுநாள் உழைக்கிறது. படகில் விரைவில் தளர்ந்துவிடுகிறது. ஏன்?

சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் கார், தன் எஞ்சின் திறனில் ஒரு சிறு பங்கையே பயன்படுத்துகிறது. எஞ்சினைத் தளர்த்தினாலும் கார் சிறிது தூரம் உருண்டோடும். படகுக்கு அந்த ஓய்வு கிடையாது. நீர் அதை இடைவிடாது பின்னுக்குப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. மலைப்பாதையில் சரக்கோடு ஏறும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். விரைந்து செல்லும் படகின் எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் மலை ஏறிக்கொண்டே இருக்கிறது!

படகுகளில் பெட்ரோல் எஞ்சின் ஏறக்குறைய 1500 மணி நேரம் நன்றாக உழைக்கும் என்பது பொதுவான கணக்கு. ஒரு கார் 1500 மணி நேரம் சராசரியாக 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 90,000 கிலோமீட்டர் போயிருக்கும். கோடையில் மட்டும் ஆண்டுக்கு 100 மணி நேரம் ஓடும் படகுக்கு இது 15 ஆண்டுக் காலம். மீதி நாட்களிலும் எஞ்சின் சும்மா இருப்பதாக எண்ண வேண்டாம். ஈரக்காற்றில் நின்றபடியே அது துருப்பிடித்துக்கொண்டிருக்கும்.

குளிர் நாடுகளில் இன்னொரு பகையும் உண்டு. இப்படகுகள் பலவற்றில் ஏரி நீரையே உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கிறார்கள். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு பெருகும் அல்லவா? குளிர்காலத்துக்கு முன் எஞ்சினிலிருந்து நீரை வடிக்க மறந்தால், உறையும் பனிக்கட்டி வார்ப்பிரும்பையே பிளந்துவிடும்.

நோய் என்ன?

மருத்துவர் நாடி பார்த்த பிறகே மருந்து தருகிறார். எஞ்சினுக்கும் நாடி பார்க்க ஒரு வழி உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றுவார்கள். பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதை முள் காட்டும். ஏழு சிலிண்டர்களில் சதுர அங்குலத்துக்கு 140 பவுண்டு வருகிறது, எட்டாவதில் மட்டும் 90 என்று வைத்துக்கொள்வோம். அங்கே எங்கோ காற்று கசிகிறது. எங்கே?

அந்தத் துளை வழியாக ஒரு கரண்டி எண்ணெயை உள்ளே விட்டு மறுபடி சோதிப்பார்கள். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். ஏனெனில், எண்ணெய் வளையத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தை அடைத்துவிட்டது. உயரவில்லையானால் பழுது பெரும்பாலும் வால்வில் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் அழுத்தம் குறைந்தால், அவற்றுக்கு இடையே உள்ள கேஸ்கெட் கிழிந்திருக்கலாம். எஞ்சினைப் பிரிக்காமலே அதன் உள்ளே நடப்பதை அறிந்துகொள்ளும் இந்த முறை எவ்வளவு நேர்த்தியானது, பாருங்கள்!

எஞ்சின் அழிவதற்கு வேறொரு காரணமும் உண்டு. புகை வெளியேறும் வார்ப்பிரும்புக் குழாயைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும். அதன் உட்சுவர் துருப்பிடித்து ஓட்டையானால் நீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்திச் சுருக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் அந்த நீரில் மோதினால் இணைப்புத் தண்டு வளைந்தே போகும். ஆகவே, இந்தக் குழாயை உரிய காலத்தில் மாற்றியிருந்தால் எஞ்சின் பிழைத்திருக்கும் என்று பிறகு வருந்துவோர் பலர்.

எட்டு சிலிண்டர்களிலும் வளையங்கள் தேய்ந்து, பிளந்த வார்ப்பிரும்பும் சேர்ந்துகொண்டால் மாற்றுவதே வழி. ஆனால், அதற்கு முன் மரத்தைச் சோதிக்க வேண்டும். எஞ்சின் உட்கார்ந்திருக்கும் நீண்ட கட்டைகளைக் கூரிய ஊசியால் குத்திப் பார்ப்பார்கள். நல்ல மரத்தில் ஊசி இறங்காது. உளுத்த மரத்தில் எளிதாக இறங்கும். உளுத்த கட்டை மேல் புது எஞ்சினை ஏற்றுவது, தேய்ந்த பல்சக்கரத்தில் புதுச் சங்கிலியை மாட்டுவதைப் போன்றதே. புது எஞ்சின்களின் விலை சில வேளை படகின் விலையையே மிஞ்சிவிடும். ஆகவே, "இந்தப் படகு இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும்?" என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும்.

எவ்வளவு வேகம் வேண்டும்?

"பெரிய எஞ்சினாகப் போடுவோம்" என்றுதான் முதலில் தோன்றும். சற்றுப் பொறுங்கள். நீரில் வேகத்துக்கு ஒரு விந்தையான தடை இருக்கிறது.

ஓடும் படகு தன் முன்னே ஓர் அலையை எழுப்புகிறது. அந்த அலை படகின் வேகத்திலேயே நகர்கிறது. ஆழமான நீரில் அலையின் வேகம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அலைநீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று விடை கிடைக்கும். நம் படகின் நீர்மட்ட நீளம் 9 மீட்டர், வர்க்கமூலம் 3. ஆகவே, 4.5 × 3 = 13.5. மணிக்கு 13.5 கிலோமீட்டர் வேகத்தில் படகு எழுப்பும் அலையும் படகும் ஒரே நீளமாகிவிடுகின்றன. முனையில் ஒரு முகடு, பின்புறத்தில் ஒரு முகடு, நடுப்பள்ளத்தில் படகு! இதற்கு மேல் வேகம் வேண்டுமானால் படகு தன் அலையின் மேல் தானே ஏறியாக வேண்டும்.

இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் ஃபுரூட், 1872-இல் டார்கி நகரில் ஒரு நீண்ட நீர்த்தொட்டி அமைத்தார். அதில் சிறு மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து, இந்த அலைத்தடையை அளந்தார். இன்றும் கப்பல் வடிவமைப்புக்கு அவர் வகுத்த வழியே அடிப்படை.

நம் படகின் பின்னடி தட்டையானது. மிகுந்த விசையோடு தள்ளினால் அது அலையின் மேல் ஏறி, நீர்ப்பரப்பில் வழுக்கி ஓடும். அதற்குத்தான் அத்தனை குதிரைத்திறன். நிதானமாக 12 கிலோமீட்டர் வேகத்தில் போனால் போதும் என்பவருக்கு அதில் ஒரு சிறு பங்கே போதும். பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 10 குதிரைத்திறனுக்கும் மணிக்கு ஏறக்குறைய 3.8 லிட்டர் குடிக்கும். 370 குதிரைத்திறனையும் பயன்படுத்தினால் மணிக்கு 140 லிட்டர்! எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் முன், நமக்கு வேண்டிய வேகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இப்போது விளங்குகிறதா?

விசிறியின் கணக்கு

திருகு அளவியில் புரியிடைத் தூரம் என்று படித்திருக்கிறீர்கள். ஒரு முறை சுற்றினால் திருகு எவ்வளவு முன்னேறுமோ அந்தத் தூரம் அது. உந்து விசிறியும் நீரைத் துளைத்துச் செல்லும் ஒரு திருகே. நம் படகின் விசிறிக்குப் புரியிடைத் தூரம் 0.45 மீட்டர் என்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுற்றுகிறது. கியர் பெட்டி அதைப் பாதியாகக் குறைத்து, விசிறிக்கு 2000 சுற்றுகளைத் தருகிறது. ஆகவே, ஒரு நிமிடத்தில் 0.45 × 2000 = 900 மீட்டர். மணிக்கு 54 கிலோமீட்டர். ஆனால், நீர் மரத்தைப் போல் உறுதியானதன்று. திருகு அதில் நழுவும். கால் பங்குக்குச் சற்று மேல் நழுவலில் போய்விட, படகு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்.

இனி மிக முக்கியமான விதி. விசிறியை இருமடங்கு வேகத்தில் சுழற்றினால் அது நீரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. நீர் நகரும் வேகமும் இருமடங்காகிறது. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே, திறன் எட்டு மடங்கு வேண்டும். சுருங்கச் சொன்னால், விசிறி கேட்கும் திறன் ஏறக்குறைய அதன் சுழற்சி வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

இதைக் கொண்டு ஒரு தவறைக் கண்டுபிடிப்போம். படகுக்காரர் 200 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின் வாங்குகிறார். பழையதைவிட 15 கூடுதல்தானே என்று மகிழ்கிறார். ஆனால், அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 2600 சுற்றுக்கு மேல் சுற்றாது. பழைய கியர், பழைய விசிறி அப்படியே இருந்தால் விசிறி 1300 சுற்றுத்தான் சுற்றும். இது பழைய வேகத்தில் 0.65 பங்கு. 0.65-இன் மும்மடி ஏறக்குறைய 0.27. விசிறி அப்போது ஏற்கும் திறன் 185 × 0.27, அதாவது 50 குதிரைத்திறன் மட்டுமே! எஞ்சினிடம் 200 இருந்தும் 150 வீணாகக் கிடக்கிறது. படகு அலையின் மேல் ஏறவே ஏறாது. எஞ்சினில் குறையில்லை, கியரில்தான் மாற்றம் வேண்டும். 2600-ஐ 2000 ஆக்கும் கியர், அதாவது 1.3-க்கு 1 என்ற விகிதம் இருந்தால் கணக்குச் சரியாகும்.

தண்டு தாங்குமா?

படகுக்காரர் பெட்ரோல் எஞ்சினையே விரும்புகிறார் என்போம். ஷெவர்லேயின் அதே குடும்பத்தில் பிறந்த 350 கன அங்குல எஞ்சின், வெளிவடிவில் ஏறக்குறைய பழையதைப் போலவே இருக்கும். பழைய இடத்தில் எளிதாக உட்காரும். திறன் 300 குதிரைத்திறன் என்று கொள்வோம். பழைய விசிறியோடு இது எவ்வளவு வேகமாகச் சுழலும்? 300-ஐ 185-ஆல் வகுத்தால் 1.62. அதன் கனமூலம் ஏறக்குறைய 1.175. ஆகவே, 4000 × 1.175 = 4700 சுற்று. திறன் 62 விழுக்காடு கூடியும் சுழற்சி 18 விழுக்காடுகூடக் கூடவில்லை!

அப்படியானால் மீதி எங்கே போனது? முறுக்குவிசையாக மாறித் தண்டின் மேல் ஏறியிருக்கிறது. திறனைச் சுழற்சி வேகத்தால் வகுத்தால் முறுக்குவிசை கிடைக்கும். 1.62-ஐ 1.175-ஆல் வகுத்தால் 1.38. ஆக, தண்டு முன்னைவிட 38 விழுக்காடு கூடுதலாக முறுக்கப்படுகிறது. ஒரு தண்டு தாங்கும் முறுக்குவிசை அதன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 1.38-இன் கனமூலம் 1.11. பழைய தண்டு தன் எல்லைவரை உழைத்துக்கொண்டிருந்தால், அதே உலோகத்தில் புதுத் தண்டு 11 விழுக்காடு பருமனாக இருக்க வேண்டும். தண்டு பருத்தால் அதைத் தாங்கும் தாங்கிகளும், நீர் உள்ளே வராமல் காக்கும் அடைப்பும் பருக்க வேண்டும். சங்கிலி எங்கே போய் முடிகிறது, பார்த்தீர்களா?

எடையும் திசையும்

புது எஞ்சின் ஒவ்வொன்றும் 100 கிலோ கூடுதல் எடை என்றால் படகு மூழ்கிவிடுமா? ஆர்க்கிமிடீசைக் கேட்போம். 200 கிலோ எடைக்கு 200 லிட்டர் நீர் விலக வேண்டும். படகு நீர்மட்டத்தில் அடைத்திருக்கும் பரப்பு 20 சதுர மீட்டர் என்றால், அது இறங்கும் ஆழம் ஒரு சென்டிமீட்டர் மட்டுமே. அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், அந்த எடை நடுவில் வைக்கப்படாமல் பின்புறம் வைக்கப்பட்டால், படகு பின்பக்கம் அமிழ்ந்து மூக்கைத் தூக்கும். ஆகவே, எவ்வளவு எடை என்பதோடு எங்கே வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டு விசிறிகளும் ஒரே திசையில் சுழன்றால் படகின் பின்புறம் ஒரு பக்கமாக இழுக்கப்படும். அதனால் ஒன்றை வலஞ்சுழியாகவும் மற்றதை இடஞ்சுழியாகவும் சுழல விடுகிறார்கள். பழைய படகுகளில் இதற்காக ஓர் எஞ்சினையே தலைகீழ்த் திசையில் ஓடும்படி செய்திருந்தார்கள். புதிய எஞ்சின்கள் பெரும்பாலும் ஒரே திசையில்தான் ஓடும். திசையை மாற்றுவது கியர் பெட்டியின் வேலை. இதைக் கவனியாமல் பொருத்திவிட்டால், முன்னே செல்லும் நெம்புகோலைத் தள்ளியதும் ஒரு விசிறி முன்னேயும் மற்றது பின்னேயும் தள்ளும்!

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

"கார் எஞ்சின்தானே? பழைய காரிலிருந்து எடுத்து மாட்டினால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு உயிரே விலையாகலாம்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. காரில் கசியும் ஆவி தரையில் இறங்கிக் காற்றோடு போய்விடும். படகின் அடிவயிறோ மூடிய கிண்ணம் போன்றது. ஆவி அங்கே இறங்கித் தேங்கும். காற்றில் 100-க்கு ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே ஒரு பொறி போதும், வெடித்துவிடும். கார் ஸ்டார்ட்டரிலும் மின்னாக்கியிலும் பொறிகள் வெளியே தெறிக்கலாம். ஆகவே, படகுக்கு உரியவற்றில் பொறி வெளியேறாதபடி மூடியமைக்கிறார்கள். கார்புரேட்டரின் வாயில் தீச்சுடரைத் தடுக்கும் உலோக அமைப்பு இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு முதலே சட்டம். எஞ்சினைக் கிளப்புமுன் நான்கு நிமிடம் காற்றூதியை ஓடவிட்டு ஆவியை வெளியேற்றுவது அங்குள்ள படகோட்டிகளின் பாலபாடம்.

டீசலை விரும்புவோர் கூறும் முதற்காரணமும் இதுவே. பெட்ரோல் உறைநிலைக்கும் பல பாகை கீழேயே தீப்பற்றும் ஆவியை விடுகிறது. டீசல் 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் அவ்வாறு செய்யும். விலையும் எடையும் கூடினாலும், குடும்பத்தோடு செல்பவர் மனத்தில் இது பெரிய இடம் பெறத்தான் செய்யும்.

ஒரு மயிரிழை

எஞ்சினை இறக்கியாயிற்று. இனி அதன் இணைப்புத் தட்டும் உந்து தண்டின் இணைப்புத் தட்டும் முகத்தோடு முகம் பொருந்த வேண்டும். இரண்டுக்கும் இடையே எந்தப் பக்கத்திலும் 0.003 அங்குலத்துக்கு மேல் வேறுபாடு கூடாது. இது 0.08 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு தலைமயிரின் பருமன்! மெல்லிய எஃகுத் தகடுகளைச் சந்தில் நுழைத்து இதை அளக்கிறார்கள். தவறினால் அதிர்வு ஏற்பட்டுத் தாங்கிகள் சில நாளில் தேய்ந்துவிடும்.

சந்து ஒரு பக்கம் அகன்றிருந்தால், தண்டைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி அளப்பார்கள். அகன்ற இடம் தண்டோடு சேர்ந்து திரும்பினால், தண்டோ அதன் தட்டோ வளைந்திருக்கிறது. அகன்ற இடம் அங்கேயே நின்றால், எஞ்சின்தான் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஓர் அளவு, இரண்டு நோய்களைப் பிரித்துக் காட்டிவிடுகிறது!

இந்தக் கடைசி அளவைக் கரையில் எடுப்பதில்லை. மரப்படகு தரையில் தாங்குகட்டைகளின் மேல் நிற்கும்போது ஒரு வடிவம். நீரில் மிதக்கும்போது சற்று வேறு வடிவம். எனவே, நீரில் இறக்கி, ஓரிரு நாள் மிதக்கவிட்ட பிறகே அளக்கிறார்கள்.

இறுதியாக ஓட்டிப் பார்த்தல். முழு விசையில் எஞ்சின் தனக்குக் குறித்த சுழற்சியை எட்ட வேண்டும். எட்டவில்லையானால் விசிறியின் புரியிடைத் தூரம் அதிகம். எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. தாண்டிவிட்டால் புரியிடைத் தூரம் குறைவு. அதை அடிக்கணக்கில் அன்று, அங்குலக் கணக்கில் திருத்தினாலே போதும்.

பார்த்தீர்களா? மாற்ற நினைத்தது எஞ்சினை. ஆனால் கட்டை, கியர், தண்டு, விசிறி, எடை, காற்றோட்டம் எல்லாம் கணக்கில் வந்துவிட்டன. கணக்கைப் போட்டுவிட்டுக் கருவியைக் கையில் எடுப்பவரே நல்ல பொறியாளர்.

செய்து பாருங்கள்

1. ஒரு தட்டையான பாத்திரத்தை வாளி நீரில் மிதக்கவிட்டு, அதன் நடுவில் ஒரு கல்லை வையுங்கள். பிறகு அதே கல்லை ஓரத்துக்கு நகர்த்துங்கள். எடை மாறாமலே என்ன மாறுகிறது?

2. நீர்மட்ட நீளம் 4 மீட்டர் உள்ள படகின் அலையும் படகும் ஒரே நீளமாகும் வேகம் என்ன?

3. ஒரு விசிறி நிமிடத்துக்கு 2000 சுற்றில் 160 குதிரைத்திறன் கேட்கிறது. 1000 சுற்றில் எவ்வளவு கேட்கும்?

4. டீசல் எஞ்சின் 3000 சுற்று. விசிறிக்கு வேண்டியது 2000. கியர் விகிதம் என்ன?

விடைகள்: 2. மணிக்கு 9 கிலோமீட்டர். 3. 20 குதிரைத்திறன். 4. 1.5-க்கு 1. முதல் கேள்விக்கு விடை உங்கள் வாளியில் இருக்கிறது!